பதினொரு பேரின் எடை

எங்கள் முள்ளிக்கரட்டில் இன்றைக்கும் டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், கிளாஸில் பாதி குறைவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிடும். ஒன்பது வருஷம் வரிசையாகத் தோற்ற விடிவெள்ளி ஹாக்கி அணி பத்தாவது வருஷம் ஆடிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்ததே, அதில் கிளாட்சன் ஒருத்தனுக்கு எவ்வளவு பங்கு, மற்ற பத்துப் பேருக்கு எவ்வளவு பங்கு என்று. முக்கால் பங்கு அவனுக்குத்தான் என்பான் ஒருத்தன், பாதிக்கு மேல் கொடுக்கமாட்டேன் என்பான் இன்னொருத்தன், கொடுக்கிறவர்கள் எல்லாரும் ஏதோ தங்கள் தோட்டத்துக் காய்கறியைக் கூறு போடுகிற மாதிரி பேசுவார்கள். நான் அந்த அணியில் ரைட் ஹாஃப் ஆடிய அய்யலுசாமியின் பெண்டாட்டி, பெயர் சண்முகக்கனி, தீப்பெட்டி ஆபீஸில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவள். அந்தப் பேச்சு காதில் விழுந்தால் நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். ஏன் நிற்பதில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நெல் விளையாது, மழையும் சொன்ன நாளில் பெய்யாது, ஆனால் தவழ்கிற பிள்ளை பிடித்து எழுந்திரிப்பதே ஹாக்கி மட்டையைத்தான். அப்படிப்பட்ட ஊர் ஒன்பது வருஷம் தோற்றால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர் பஸ் கண்டக்டர் எங்கள் ஸ்டாப்பில் மட்டும் ஆட்டம் முடிந்ததற்கு ஊதுகிற மாதிரி நீளமாக விசில் ஊதுவார். எங்கள் கோல் கீப்பருக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "பந்தையே பிடிக்கத் தெரியாதவரு பொண்டாட்டியை எப்படிப் பிடிச்சு வைப்பாரு?" என்று சிரித்து அனுப்பினார்கள். பி.டி. வாத்தியார் துரைப்பாண்டி சார்தான் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர், அவர் தோற்ற ஒவ்வொரு வருஷமும் மீசையைக் கொஞ்சம் கத்தரித்து, கடைசியில் மீசையே இல்லாமல் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டாஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராக மாற்றலாகி கிளாட்சன் வந்தான். ஆளைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது, ஒல்லி, கூச்சம், மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். மட்டையைக் கையில் கொடுத்து சென்டர் ஃபார்வர்டில் நிறுத்தினார்கள். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல் போட்டான். நாங்கள் மூன்று கோலை ஒரே ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்து வலையில் பார்த்ததே இல்லை, எங்கள் வலையில்தான் பார்த்திருக்கிறோம். ஊரே மைதானத்துக்குள் இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. "எல்லாம் கிளாட்சனாலதான்" என்று ஒரு குரல் கிளம்பி, அது நூறு குரலாகி, கரிசல் புழுதி மாதிரி ஊர் மேல் படிந்தது. நானும் சொன்னேன். என் வீட்டுக்காரர் முழங்காலில் ரத்தத்தோடு தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நிற்க, அவர் காது கேட்கவே நானும் வாய் நிறையச் சொன்னேன். அவரும் ஆமாம் என்றுதான் சிரித்தார்.

மறுநாள் காலையில் அவர் கட்டிலை விட்டு எழுந்தபோது கயிறு முனகவில்லை. பதினொரு வருஷமாக அந்தக் கட்டில் முனகித்தான் எனக்கு விடியும். ஆபீஸில் குச்சி மூட்டை நிறுக்கிற தராசில் விளையாட்டாக ஏறி நின்றார், அறுபத்திரண்டு கிலோ இருக்கிற மனுஷர் ஐம்பத்தேழு இருந்தார். அடுத்த ஆட்டம் ஜெயித்த மறுநாள் ஐம்பது. டாக்டரிடம் கூட்டிப் போனேன், அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பு இளைக்கவில்லை, கன்னம் ஒட்டவில்லை, அதே தோள், அதே தொப்பை, எடை மட்டும்தான் இல்லை. விசாரித்தால் பத்து வீட்டிலும் இதே கதை. கிளாட்சன் வீட்டில் மட்டும் கதை நேர்மாறாக இருந்தது, அவன் ஒரு சுற்றுகூடப் பெருக்காமல், கட்டில் காலை முறித்து, சைக்கிள் டயரை வெடிக்க வைத்து, ஈரத்தில் நடந்தால் கணுக்கால் வரைக்கும் தடம் பதித்துக்கொண்டிருந்தான்.

துரைப்பாண்டி சார் பதினொரு பேரையும் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், மாட்டை நிறுக்கிற இரும்பு மேடையில் ஒன்றாக ஏற்றினார். முள் எங்கே போய் நின்றது தெரியுமா? சீசன் தொடக்கத்தில் ஒவ்வொருத்தராக நிறுத்து எழுதி வைத்தாரே, அதன் மொத்தத்தில், ஒரு கிலோ கூடாமல் குறையாமல். அவர் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "எடை எங்கயும் போகல. பத்துப் பேரு எடையை வாயாலயே அள்ளி ஒருத்தன் தலையில கொட்டிட்டோம்" என்றார்.

இதற்கு ஊர் பயந்ததா என்றால், இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிற ஊருக்கு எதுவும் பயமாகத் தெரியாது. உயரத்தில் முருங்கைக்காய் பறிக்க ரைட் அவுட் செண்பகராஜைக் கூப்பிட்டார்கள், கோயில் கோபுரத்து மூலையில் சீரியல் பல்பு கட்ட லெஃப்ட் அவுட்டைக் கூப்பிட்டார்கள். டீக்கடைக்காரர் கடை வாசலில் பத்து ஆட்டுக்கல் வரிசையாகப் போட்டு, விடிவெள்ளிப் பையன்கள் வந்தால் மடியில் ஒன்றை வைத்துக்கொண்டு டீ குடிக்கச் சொன்னார். பெண்டுகள் நாங்கள் கைலி ஓரத்தில் ஆற்று மணலை வைத்துத் தைத்தோம், சட்டைப் பைகளில் நட்டும் போல்ட்டும் போட்டோம், வெள்ளி செவ்வாயில் சுற்றிப் போட்டோம், அவ்வளவுதான், அதுவும் ஒரு வீட்டு வேலையாகிப் போனது. எடை குறையக் குறைய ஆட்டக்காரர்களின் கால் தரையில் படாமலே ஓடியது, அந்த வேகத்தில் எந்த அணியாலும் பந்தைப் பிடிக்க முடியவில்லை, விடிவெள்ளி வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. அந்த வேகத்துக்கும் கிளாட்சன்தான் காரணம் என்று ஊர் சொல்லிக்கொண்டது, மறுநாள் இன்னும் மூன்று கிலோ குறைந்தது.

பேச்சிமுத்துவைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவன்தான் சென்டர் ஹாஃப், மைதானத்தின் நட்ட நடுவில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நிற்பவன். வயது இருபத்தாறு. எங்கிருந்தோ லாரியில் வந்து, லாரி போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவன், பஞ்சர் கடை வைத்து அதிலேயே சமைத்து அதிலேயே படுத்துக்கொள்வான். அப்பன் ஆத்தா யாரென்று அவனும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிடுவான், என் வீட்டுக்காரரை அண்ணே என்பான், என்னை மதினி என்பான். அணியில் மற்றவர்களுக்கு எடை குறைந்தபோது அவனுக்குத்தான் அதிகம் குறைந்தது, அவனைப் பற்றித்தான் ஒருத்தரும் பேசவில்லையே. ஒருநாள் சாப்பிட உட்காரும்போது இடுப்பிலிருந்து சைக்கிள் செயின், ஜாக்கி, ஸ்பானர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான், நான் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க மதினி, பறந்துட மாட்டேன். உங்க வீட்டுக் கறியைத் தின்னா ரெண்டு நாளைக்குத் தாங்கும்."

"சிரிக்காதீரும். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கென்ன மதினி எடைக்குப் பஞ்சம்? கடை பூரா இரும்புதான்" என்று சிரித்தான்.

ஆனி மாதக் கடைசியில் முதல் மேகாத்து, அதுதான் மேற்குக் காற்று, அடித்தது. செண்பகராஜ் கடைத்தெருவில் கைலியை மடித்துக் கட்டினான், மடிப்போடு மணலும் கொட்டியது, அடுத்த நிமிஷம் ஆள் தெருவில் இல்லை. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை கீழேயும் கால் வானத்திலுமாக, ஆத்தா ஆத்தா என்று அலறிக்கொண்டு கிடந்தான். கயிறு வீசி இறக்கினார்கள். இறங்கியதும் அவன் ஆத்தா அவனைத் தூணோடு சேர்த்துச் சேலையால் கட்டிவிட்டு, ஊரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புள்ளையைக் காத்தாக்கிட்டீகளே, நல்லா இருப்பீகளா?" என்றாள். அந்த நிமிஷத்தில்தான் ஊருக்குப் பயம் வந்தது, வந்த பயம் பிறகு போகவே இல்லை. ஏனென்றால் ஆடி பிறக்க இன்னும் எட்டு நாள்தான். ஆடியில் எங்கள் கரிசலில் அடிக்கிற காற்று கூரை ஓட்டை எடுக்கும், கோழியை எடுக்கும், காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தாலுகாவில் போய்த் தேட வைக்கும். இறுதி ஆட்டமோ ஆடி முதல் ஞாயிறு. ஆட்டத்தில் மட்டையைத் தவிர உடம்பில் கல்லோ இரும்போ கட்டக்கூடாது என்பது விதி.

பயந்த ஊர் அள்ளியதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தது. பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முகத்தோடு பெரிய ப்ளெக்ஸ் வைத்தார்கள், மைக் செட் கட்டி, ரைட் ஹாஃப் அய்யலுசாமி அவர்களே, லெஃப்ட் பேக் அவர்களே என்று இரண்டு நாள் விடாமல் புகழ்ந்தார்கள். ஒரு கிராம்கூட ஏறவில்லை. உதடு சொல்வதற்கு எடை கிடையாது போலிருக்கிறது, உள்ளே நம்புவதற்குத்தான் இருக்கிறது. ஊர் உள்ளே நம்பியது கிளாட்சனைத்தான். அந்தப் பாவப்பட்ட மனுஷன் நாலு பேர் தாங்கலில் கூட்டத்துக்கு வந்து, கும்பிட்டு அழுதான்.

"என்னை விட்ருங்க அண்ணாச்சி. நான் என்ன செஞ்சேன்? பந்து எங்கிட்ட வருது, நான் அடிக்கேன். வர வச்சது அவுகதான். என்னால நடக்க முடியல, மூச்சு முட்டுது."

"பாத்தீகளா, எவ்வளவு அடக்கம்!" என்று யாரோ பின்னாலிருந்து உருகினார்கள். எங்கள் கண் முன்னாலேயே அவன் நின்ற திண்டு விரிசல் விட்டது.

வழி கிடைத்தது என்னால்தான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஆபீஸ் முடிந்து வருகிற வழியில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, என் வீட்டுக்காரரை எங்கே காற்று அடித்துப் போகுமோ என்ற நடுக்கத்தில் பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆட்டத்துக்குப் போகிறேன், ஆனால் பந்து போகிற பக்கம்தான் என் கண்ணும் போகும், எல்லாருக்கும் அப்படித்தானே. அன்றைக்குத்தான் பார்த்தேன், அவர் பந்தைத் துரத்துவதே இல்லை. பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய், அங்கே ஏதோ வேலை இருப்பது போல் நிற்கிறார். எதிராளி அந்தப் பக்கம் அடிக்கலாம் என்று நினைப்பான், இவரைப் பார்ப்பான், மனதை மாற்றிக்கொள்வான், அவ்வளவுதான். பந்து இவரிடம் வராமலே இவர் வேலை முடிந்துபோகும். யாரிடம் போய்ச் சொல்வது, நடக்காமல் போனதை நடத்தியவர் இவர் என்று? அடேயப்பா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த நொடியில் அவருடைய இரண்டு குதிகாலும் தரையில் பட்டன, புழுதி எழும்பியது, அவரே திடுக்கிட்டுக் கீழே பார்த்தார்.

விஷயத்தைத் துரைப்பாண்டி சாரிடம் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே காளியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆட்டத்துக்கே போக வேண்டாம் என்று செண்பகராஜின் ஆத்தா சொன்னாள். போகாவிட்டால் பையன்கள் இப்படியே இருப்பார்கள், ஆடி முழுக்கத் தூணில் கட்டியா வைப்பீர்கள், ஆடும்போது பார்த்தால்தானே எடை ஏறுகிறது என்று சார் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் பொய் சொல்லமாட்டேன், எங்களுக்குக் கோப்பையும் வேண்டியிருந்தது. புருஷனும் வேண்டும், கோப்பையும் வேண்டும் என்றுதான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊருக்கு எதையும் பிரித்துக்கொள்ள ஒரே வழிதான் தெரியும், அது மண்டகப்படி. பொங்கல் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு வகையறா எடுத்துச் செய்யும், அவரவர் நாளில் அவரவர் சாமிக்கு எந்தக் குறையும் வைக்கமாட்டார்கள், அடுத்தவர் நாளில் தலையிடவும் மாட்டார்கள். அதே மாதிரி ஆட்டக்காரர்களைப் பிரித்தார்கள். அவரவர் வீட்டு ஆளை அவரவர் சொந்தபந்தம் பார்க்க வேண்டியது, பந்து எங்கே போனாலும், கோலே விழுந்தாலும், ஊதல் சத்தம் கேட்கும்வரை கண்ணை எடுக்கக்கூடாது. கிளாட்சனை யாரும் பார்க்கக்கூடாது, அவன் பெண்டாட்டி மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். எழுந்து வேட்டியைத் தட்டும்போதுதான் கிளாட்சன் கேட்டான்.

"பேச்சிக்கு யாரு?"

பேச்சிமுத்து கோயில் வேப்பமரத்தின் வேரில், மடியில் ஜாக்கியோடு உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமல் தன் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். ஆனால் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தரைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு, இரண்டு பேரைப் பிடிக்கப் போய் இவர் கைவிட்டுப் போனால்? நான் வாயைத் திறக்கவில்லை.

"அவனுக்கென்ன, அவன் நம்ம ஊருப் பிள்ளை. எல்லாருக்கும் பொதுவா வச்சிருவோம். ஆளுக்குக் கொஞ்சம் பாத்துக்கிடுவோம்" என்றார் டீக்கடைக்காரர். திருவிழாவிலும் கடைசி நாள் அப்படித்தான் ஊர்ப்பொது, எல்லாரும் செய்யவேண்டியது. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"எல்லாரும் பாத்தா நான்தான் அன்னைக்கு ரொம்ப கனமா இருப்பேன், மதினி" என்றான் பேச்சிமுத்து, நாங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வழியில். நம்பித்தான் சொன்னான்.

ஆடி முதல் ஞாயிறு காலையிலிருந்தே காற்று. மைதானத்துக் கொடிக்கம்பம் வில்லாக வளைந்தது, எதிர் அணிக்காரர்கள் கண்ணில் மண் விழுகிறது என்று முகத்தில் துண்டு கட்டினார்கள். எங்கள் பையன்கள் பத்துப் பேரும் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள், நடுவில் கிளாட்சன், நங்கூரம் மாதிரி. ஊதல் ஊதியதும் கையை விட்டார்கள். கரையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஒன்பது வீட்டுக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரவர் ஆளைப் பார்க்கத் தொடங்கினோம். அப்படி ஒரு ஆட்டத்தை எந்த ஊரும் பார்த்திருக்காது. கூட்டம் பந்தோடு சேர்ந்து தலையைத் திருப்பவில்லை, ஓ என்று கத்தவில்லை, ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பக்கம் முறைத்துக்கொண்டு, உதட்டுக்குள் ஒரே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு கிடந்தது.

நான் இவரைப் பார்த்தேன். பந்தை வாங்கும் முன் கீழுதட்டைக் கடிப்பதைப் பார்த்தேன், இடது முழங்கை தானாக உயர்வதைப் பார்த்தேன், நம்மாள் ஒருத்தன் தப்புச் செய்தால் இவர் தன் தொடையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. முதலில் நுனிக்கால், பிறகு பாதி, பிறகு குதிகால், கரிசல் மண்ணில் தடம் விழ ஆரம்பித்தது. என் தாலிக்கொடி கழுத்தை இறுக்குவது போல் இருந்தது, நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் செண்பகராஜின் ஆத்தா, "இறங்கிட்டான், எஞ்சாமி, இறங்கிட்டான்" என்று அழுதாள். நான் திரும்பவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மேற்கே வானம் கறுத்து, அதுவரைக்கும் அடித்ததெல்லாம் விளையாட்டு என்கிற மாதிரி ஒரு காற்று கிளம்பி வந்தது. என் வீட்டுக்காரர் கொஞ்சம் ஆடினார். நான் கண்ணைக் கொட்டாமல் அவரை அழுத்தினேன், அப்படித்தான் சொல்ல வேண்டும், கண்ணாலேயே தரையில் அழுத்தினேன். அவர் இடது பக்கம் கையை நீட்டி, தா என்று கத்தினார். நடுவிலிருந்து பந்து அவருக்கு வந்தது. பந்து வந்த திசையிலிருந்துதான் அந்தக் குரலும் வந்தது.

"மதினி."

ஒரே ஒரு தடவை. கத்தவில்லை, சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் கேட்கிற குரலில்தான் கூப்பிட்டான்.

எனக்குக் கேட்டது. காற்றில் கேட்கவில்லை என்று பிறகு ஊரிடம் சொன்னேன், செண்பகராஜின் ஆத்தாவும் டீக்கடைக்காரரும்கூட அதையேதான் சொன்னார்கள், ஆனால் எனக்குக் கேட்டது. அரைக் கண் திருப்பினால் போதும், என் வீட்டில் அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று எனக்குத் தெரியும், எப்படிச் சிரிப்பான் என்று தெரியும், அவனுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது. பொதுவில் வைத்தவன்தானே, இத்தனை பேரில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுகூட உண்மை இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. கடைக்கண்ணில், புழுதிக்கு மேலே, பனியன் நிறத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. நான் என் புருஷனின் குதிகாலையே பார்த்தேன்.

அவர் பந்தை முன்னால் தட்டினார். அது எங்கே போனது, கிளாட்சன் எப்படி அடித்தான், வலையின் எந்த மூலையில் விழுந்தது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நடுவர் ஊதினார், பிறகு மறுபடி நீளமாக ஊதினார், அவரவர் ஆள் மட்டையைத் தூக்கிக் குதித்ததை வைத்துத்தான் ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டோம். காற்று கொஞ்சம் ஓய்ந்தது. எல்லா வீட்டுக்காரர்களும் உள்ளே ஓடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், தூக்க முடியவில்லை என்று சிரித்தார்கள். கிளாட்சன் இரண்டு காலால் மாறி மாறிக் குதித்துப் பார்த்து, குழந்தை மாதிரி தேம்பினான். துரைப்பாண்டி சார் கையை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணினார். பத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தரை அதிர நடந்து வந்தார், அறுபத்திரண்டு கிலோவும் அப்படியே. முகமெல்லாம் புழுதி, புழுதிக்குள் பல். என் தோளைப் பிடித்த கையின் கனத்தில் நான் ஒரு பக்கம் சாய்ந்தேன்.

"பாத்தியா கனி? அம்புட்டுப் பேருக்கு நடுவுல புகுந்து பந்தைப் பறிச்சான் பாரு பேச்சி! பாதிக் கால் தரையில இல்ல, அந்தரத்துல நின்னே எனக்குத் தள்ளி விட்டான். நான் சும்மா தொட்டேன், அம்புட்டுதான். கோப்பை அவனுதுதான், ஊரைக் கூட்டிச் சொல்லப் போறேன். நீ பாத்தேல்ல?"

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மைதானத்தின் நடுவைப் பார்த்தார்.

"எங்க அவன்?"

நான் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.